காற்றில் விளைந்த கதவு



சென்ற கோடை விடுமுறையில் எங்கள் கிராமத்து வீட்டை இடித்தோம். என் தாத்தா கட்டிய வீடு அது. சுவர்களில் விரிசல் கண்டுவிட்டது. ஓட்டுக் கூரையின் கைமரங்கள் சிலவற்றைக் கறையான் அரித்துவிட்டது. ஆனால் வாசலில் இருந்த தேக்கு நிலையும் இரட்டைக் கதவும் மட்டும் சற்றும் அசையாமல் நின்றன. பழைய மரச்சாமான்களை விலைக்கு வாங்கும் வியாபாரி ஒருவர் வந்தார். நாடாவைப் பிடித்து அளந்து பார்த்து, "நாலரை கன அடி தேறும்" என்றார்.

"அண்ணா, கொடுத்துவிடலாம்" என்றான் என் தம்பி. "புது வீட்டுக்கு இரும்புக் கதவு போட்டுக்கொள்வோம். கறையான் தொல்லை இல்லை. மரத்தை வெட்டிய பாவமும் இல்லை, சுற்றுச்சூழலுக்கும் நல்லது."

பத்தாம் வகுப்புப் படிக்கும் அவன் மகள் அருகில் நின்றுகொண்டிருந்தாள். "பெரியப்பா, மரத்தை வெட்டக்கூடாது என்று பள்ளியில் சொல்கிறார்கள். இந்தக் கதவுக்காக ஒரு பெரிய தேக்கு மரத்தையே வெட்டியிருப்பார்கள். அது தவறுதானே?" என்று கேட்டாள்.

இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். ஆனாலும் அந்தக் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ உடனே பதில் சொல்ல முடியவில்லை. வியாபாரியை மறுநாள் வரச் சொல்லிவிட்டு, ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அவளுடன் திண்ணையில் உட்கார்ந்தேன். அன்று நாங்கள் போட்ட கணக்கைத்தான் இப்போது உங்களுடன் சேர்ந்து மீண்டும் போடப் போகிறேன்.

எண்பது கிலோ எங்கிருந்து வந்தது?

முதலில் கதவின் எடையைக் கண்டுபிடிப்போம். எடை என்பது கன அளவையும் அடர்த்தியையும் பெருக்கி வருவது என்பதை நீங்கள் அறிவீர்கள். நன்கு உலர்ந்த தேக்கு ஒரு கன அடிக்கு ஏறத்தாழ 18 கிலோ இருக்கும். நாலரை கன அடி என்றால் 81 கிலோ. கணக்குக்கு எளிதாக 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

இந்த 80 கிலோ பொருள் மரத்துக்கு எங்கிருந்து கிடைத்தது? வகுப்பில் இதைக் கேட்டால் பெரும்பாலான மாணவர்கள் "மண்ணிலிருந்து" என்றே சொல்வார்கள். நாம் உண்ணும் உணவு நம் உடலாவது போல, மண்ணை உண்டு மரம் வளர்கிறது என்று நினைப்பது இயல்புதான்.

பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த வான் ஹெல்மான்ட் என்னும் அறிஞர் பதினேழாம் நூற்றாண்டில் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு தொட்டியில் நன்கு உலர்த்திய மண் 200 பவுண்டு எடுத்துக்கொண்டார். அதில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டார். ஐந்து ஆண்டுகள் தண்ணீரைத் தவிர வேறு எதையும் ஊற்றவில்லை. பிறகு மரத்தைப் பிடுங்கி எடை பார்த்தார். 169 பவுண்டும் சில அவுன்சுகளும் இருந்தன. மண்ணை மீண்டும் உலர்த்தி எடை பார்த்தார். குறைந்திருந்தது 2 அவுன்சு மட்டுமே!

மரம் 164 பவுண்டு கூடியிருக்கிறது. மண்ணோ ஒரு கைப்பிடி அளவுதான் குறைந்திருக்கிறது. ஆகவே மரம் மண்ணை உண்டு வளரவில்லை. அப்படியானால் ஊற்றிய தண்ணீர்தான் மரமாக மாறியிருக்க வேண்டும் என்று அவர் முடிவு கட்டினார். அந்த முடிவு பாதிதான் சரி.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. "காஸ்" என்று நாம் இன்று வழங்கும் சொல்லை உண்டாக்கியவரே வான் ஹெல்மான்ட்தான். 62 பவுண்டு கரியை எரித்தால் ஒரு பவுண்டு சாம்பல்தான் மிஞ்சுகிறது, மற்ற 61 பவுண்டும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயுவாகிப் போய்விடுகிறது என்று அவர் எழுதி வைத்தார். அந்த வாயுதான் நாம் அறிந்த கரியமில வாயு. மரம் எரிந்தால் எந்த வாயுவாகிறது என்பதைக் கண்டவர், அதே வாயுதான் மரமாகிறது என்பதைக் காணாமல் போய்விட்டார். அது விளங்க மேலும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

இலைகளில் உள்ள நுண்ணிய துளைகள் வழியே கரியமில வாயு உள்ளே போகிறது. வேர் நீரை அனுப்புகிறது. சூரிய ஒளியின் ஆற்றலைக் கொண்டு இலை இவ்விரண்டையும் சர்க்கரையாக்கி, ஆக்சிஜனை வெளியே விடுகிறது. அந்தச் சர்க்கரையிலிருந்து செல்லுலோஸ், லிக்னின் முதலிய பொருள்களை மரம் கட்டிக்கொள்கிறது. செல்லுலோஸ் நார்களை லிக்னின் பசைபோல் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. நம் ஆசாரிமார் "வைரம் பாய்ந்த கட்டை" என்று தட்டிப் பார்த்துச் சொல்வார்களே, அந்த வைரமும் இப்படிக் காற்றும் நீரும் வெயிலும் சேர்ந்து விளைந்ததுதான்.

கதவுக்குள் அடைபட்ட காற்று

இப்போது கணக்கைத் தொடர்வோம். எவ்வளவு உலர்ந்த மரத்திலும் காற்றின் ஈரம் சிறிது தங்கியிருக்கும். நம் கதவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 8 கிலோ நீர் என்று கொள்வோம். மீதி 72 கிலோ மரப்பொருள். உலர்ந்த மரப்பொருளில் ஏறத்தாழ சரிபாதி கார்பன். ஆகவே 36 கிலோ கார்பன்.

கார்பனின் அணு எடை 12. கரியமில வாயுவின் மூலக்கூறு எடை 44. ஆகவே 12 கிலோ கார்பன் 44 கிலோ கரியமில வாயுவிலிருந்து வந்தது. 36 கிலோ கார்பன்? மும்மடங்கு, 132 கிலோ கரியமில வாயு.

இது எவ்வளவு என்பது எண்ணை மட்டும் பார்த்தால் விளங்காது. இன்று ஒரு கன மீட்டர் காற்றில் முக்கால் கிராம் அளவுக்குத்தான் கரியமில வாயு இருக்கிறது. 132 கிலோ சேர்க்க ஒன்றே முக்கால் லட்சம் கன மீட்டர் காற்று வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள் ஐயாயிரத்தில் உள்ள காற்றையெல்லாம் வடிகட்டினால்தான் இந்தக் கதவுக்கு வேண்டிய கரியமில வாயு கிடைக்கும்!

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளிவரும். எனவே 132 கிலோ என்பது ஏறத்தாழ 57 லிட்டர் பெட்ரோலின் புகை. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் ஒரு ஸ்கூட்டர் இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் ஓடி விடும் புகையை, எங்கள் வீட்டுக் கதவு தனக்குள் பூட்டி வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறது.

இந்தப் பூட்டு ஏன் முக்கியம்? தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 280 பங்கு கரியமில வாயு இருந்தது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958-ல் தொடர்ச்சியாக அளக்கத் தொடங்கியபோது அது சுமார் 315 ஆக இருந்தது. 2024-ல் 420-ஐயும் தாண்டிவிட்டது. இந்த வாயு பூமியிலிருந்து வெளியேற வேண்டிய வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பூமி சூடேறுவதற்கு இதுவே முதற்காரணம்.

சுண்ணாம்புக் கல்லும் இரும்புத் தாதுவும்

மரத்தை விட்டால் வீடு கட்ட வேறு என்ன இருக்கிறது? சிமெண்டும் எஃகும்தான் இன்று முதலிடத்தில் இருக்கின்றன. அவற்றின் பிறப்பையும் பார்த்துவிடுவோம்.

சிமெண்டின் மூலப்பொருள் சுண்ணாம்புக் கல். அரியலூர்ப் பக்கம் போனால் பெரிய பெரிய சுரங்கப் பள்ளங்களைக் காணலாம். இந்தக் கல்லைக் களிமண்ணுடன் சேர்த்துச் சூளையில் ஏறத்தாழ 1,450 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றுகிறார்கள். அப்போது கால்சியம் கார்பனேட், கால்சியம் ஆக்சைடாகவும் கரியமில வாயுவாகவும் பிரிகிறது. 100 கிலோ தூய சுண்ணாம்புக் கல்லிலிருந்து 44 கிலோ கரியமில வாயு போய்விடுகிறது. 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சுகிறது. கவனியுங்கள்! இது சூளைக்கு இட்ட நிலக்கரியின் புகை அன்று. கல்லே விடும் வாயு. சூளையைச் சூரிய மின்சாரத்தால் எரித்தாலும் இது வந்தே தீரும். நிலக்கரியின் புகை இதற்கு மேல். எல்லாம் சேர்த்தால், சிமெண்டின் வகையைப் பொறுத்து, 50 கிலோ மூட்டை ஒன்றுக்குச் சுமார் 30 முதல் 45 கிலோ கரியமில வாயு வெளியாகிறது.

இரும்பின் கதை என்ன? ஹெமட்டைட் என்னும் தாதுவில் இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து கிடக்கிறது. அந்த ஆக்சிஜனைப் பிடுங்க வேண்டும். ஊதுலையில் இந்த வேலையை நிலக்கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு செய்கிறது. உங்கள் வேதியியல் பாடத்தில் உள்ள சமன்பாட்டை எடுத்து எடைகளைப் போட்டுப் பாருங்கள். 112 கிலோ இரும்பு கிடைக்கும்போது 132 கிலோ கரியமில வாயு வெளிவரும். நம் கதவின் அதே 132! இது தற்செயல்தான், ஆனால் நினைவில் வைத்துக்கொள்ள வசதியானது. உலையைச் சூடேற்றுதல், எஃகாக்குதல், தகடாக உருட்டுதல் ஆகியவற்றுக்கு ஆகும் எரிபொருளையும் சேர்த்தால், நிலக்கரியைக் கொண்டு செய்யும் எஃகு ஒரு டன்னுக்கு இரண்டு டன்னுக்கு மேலாகவே கரியமில வாயு வெளிவருகிறது.

என் தம்பி போட நினைத்த இரும்புக் கதவு சுமார் 60 கிலோ என்று கொள்வோம். புதிய எஃகில் செய்தால் அது பிறக்கும்போதே குறைந்தது 120 கிலோ கரியமில வாயுவைக் காற்றில் விட்டுவிட்டுத்தான் நம் வாசலுக்கு வரும். பழைய இரும்பை உருக்கிச் செய்தால் இந்த அளவு வெகுவாகக் குறையும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உலக அளவில் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்டினால் வருகிறது. இரும்பும் எஃகும் ஏறத்தாழ அதே அளவுக்குக் காரணமாகின்றன. மரத்தை அறுக்கவும் உலர்த்தவும் இழைக்கவும் ஆற்றல் செலவாகிறது என்பது உண்மைதான். ஆயினும் தாதுவை உருக்கும் செலவோடு ஒப்பிட்டால் அது சிறியது. ஏனென்றால் உருவாக்கும் வேலையை வெயில் ஏற்கெனவே இலவசமாகச் செய்து முடித்துவிட்டது.

அப்படியானால் காட்டை வெட்டலாமா?

இதுவரை வந்ததும் என் தம்பி மகள் சும்மா விடவில்லை. "அந்த மரம் காட்டிலேயே நின்றிருந்தாலும் அதே கார்பனைப் பூட்டி வைத்திருக்குமே, பெரியப்பா?" என்றாள்.

மிகச் சரியான கேள்வி. இந்தக் கணக்கின் உயிர்நாடியே இதுதான்.

ஒரு தேக்கு மரத்தை வெட்டினால் அது முழுவதும் கதவாகிவிடுவதில்லை. கிளைகளும் இலைகளும் வேரும் கழிந்து போகும். அடிமரத்தை அறுத்தாலும் ஏறத்தாழ பாதிதான் பலகையாகத் தேறும். மரத்தூளும் சிறாம்புகளும் எரிந்தோ மக்கியோ மீண்டும் கரியமில வாயுவாகிவிடும். ஆகவே வரவுப் பத்தியில் 132 கிலோவை எழுதும்போது, செலவுப் பத்தியில் இதையும் எழுதியாக வேண்டும்.

அதிலும் வெட்டியது இயற்கைக் காடாக இருந்தால் இழப்பு மிகப் பெரிது. நீலகிரியின் சோலைக்காட்டை எண்ணிப் பாருங்கள். அங்கே மண்ணிலும் கார்பன் நிறைந்திருக்கிறது. அந்தக் காடு மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்திருந்து ஓடைகளுக்கு மெல்ல மெல்லக் கொடுக்கிறது. எத்தனையோ உயிர்களுக்கு வீடாக இருக்கிறது. அதை வெட்டி அழகான கதவுகள் செய்தாலும் கணக்கு நட்டத்தில்தான் முடியும். பழங்காட்டைத் தொடக்கூடாது என்று பள்ளியில் சொல்வது முற்றிலும் உண்மை.

நம் நாட்டு அரசும் இந்தக் கேள்வியோடு போராடியிருக்கிறது. காடுகளைக் காக்க வேண்டும் என்பதற்காக, மத்தியப் பொதுப்பணித் துறை தான் கட்டும் கட்டடங்களில் மரத்தைப் பயன்படுத்துவதற்கு 1993-ல் தடை விதித்தது. மரத்தின் இடத்தில் எஃகும் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் வந்தன. ஒரு கிலோ அலுமினியத்தைத் தாதுவிலிருந்து மின்பகுப்பால் பிரிக்க ஏறத்தாழ 14 யூனிட் மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 2020-ல், அந்தத் தடை நீக்கப்பட்டது. காட்டு மரம் வேறு, நட்டு வளர்த்த மரம் வேறு என்ற வேறுபாடு இப்போது தெளிவாகியிருக்கிறது.

நட்டு வளர்ப்பது புதிய எண்ணமன்று. கப்பல் கட்டுவதற்காக மலபார்க் காடுகளின் தேக்கு வேகமாக அழிந்து வந்தபோது, கானலி என்ற மலபார் கலெக்டர் 1840-களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் ஒன்றை உண்டாக்கினார். கன்றுகளை வளர்த்து நடும் பொறுப்பைச் சாத்து மேனன் என்பவர் ஏற்றுக்கொண்டார். உலகின் மிகப் பழைய தேக்குத் தோட்டமாக அது இன்றும் போற்றப்படுகிறது. அந்நாளில் நட்ட மரங்கள் சிலவற்றை இப்போதும் அங்கே அண்ணாந்து பார்க்கலாம்.

நமக்கு அருகிலேயே இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர்த் தோட்டங்கள் ஏராளம். ரப்பர் மரம் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் கொடுத்தபின் ஓய்ந்துவிடும். அதை வெட்டிவிட்டுப் புதுக்கன்று வைப்பார்கள். வெட்டிய மரம் ஒரு காலத்தில் பெரும்பாலும் விறகாகப் போயிற்று. அது பூச்சி அரிக்கும் மென்மையான மரம். இப்போது போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றிப் பதப்படுத்தி மேசை, நாற்காலி, கதவு எல்லாம் செய்கிறார்கள். எப்படியும் வெட்டப்படும் மரம். எப்படியும் அதன் இடத்தில் புதுமரம் வரும். அடுப்பில் ஓரிரு மணி நேரத்தில் விடுதலையாகியிருக்கும் கார்பன் பல பத்தாண்டுகள் கூடுதலாகப் பூட்டப்பட்டுவிடுகிறது.

மூன்று கேள்விகள்

ஆகவே "மரம் நல்லதா, கெட்டதா?" என்று கேட்பதில் பொருளில்லை. ஒரு மரச்சாமானைப் பார்த்தால் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்.

முதற் கேள்வி: இது எங்கிருந்து வந்தது? நட்டு வளர்த்த தோட்டத்திலிருந்தா, வயல் வரப்பிலிருந்தா, அல்லது எங்கோ ஒரு பழங்காட்டிலிருந்தா? தூத்துக்குடித் துறைமுகத்தில் அயல்நாட்டு மரங்கள் வந்து இறங்குகின்றன. அவற்றைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி: வெட்டிய இடத்தில் இன்னொரு மரம் வளர்கிறதா? வளர்ந்தால், கதவில் ஒரு பங்கு கார்பன் பூட்டியிருக்க, தோட்டத்தில் மற்றொரு பங்கு புதிதாகச் சேர்கிறது. வளராவிட்டால், காட்டில் இருந்ததில் ஒரு பகுதியை வீட்டுக்கு எடுத்து வந்தோம், மீதியைக் காற்றில் விட்டோம் என்பதுதான் கணக்கு.

மூன்றாம் கேள்வி: இது எவ்வளவு காலம் வாழும்? இதற்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. மரம் வளர எடுத்துக்கொண்ட காலத்தைவிட, அது பொருளாக வாழும் காலம் நீண்டதாக இருக்க வேண்டும். நல்ல பருமனுள்ள தேக்கு கிடைக்க ஐம்பது அறுபது ஆண்டுகள் ஆகும். அதில் செய்த கதவைப் பத்தாண்டில் அழகு போயிற்று என்று அடுப்பில் வைத்தால், புதுக்கன்று இழப்பை ஈடு செய்யுமுன்பே கார்பன் காற்றுக்குப் போய்விடும்.

நீண்ட காலம் வாழுமா என்று ஐயப்படுகிறீர்களா? தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்ப் பாருங்கள். 1601-ஆம் ஆண்டளவில் கட்டத் தொடங்கிய அந்த அரண்மனையில் மரத்தூண்களும் செதுக்கு வேலை நிறைந்த மரக்கூரைகளும் இன்றும் உறுதியாக நிற்கின்றன. ஜப்பானில் ஹோரியூஜி என்னும் புத்தர் கோயிலின் ஐந்தடுக்குக் கோபுரம் முழுக்க மரத்தாலானது. 1,300 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. அதன் நடுத்தூணின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்தவர்கள், அந்த மரம் கி.பி. 594-ல் வெட்டப்பட்டது என்று கண்டார்கள். அன்றைய காற்றின் கார்பன் இன்னும் அந்தத் தூணுக்குள்ளேயே இருக்கிறது!

தீயும் கறையானும்

"மரம் எரியுமே, செல்லரிக்குமே" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.

மரத்தைக் கெடுக்கும் பூஞ்சைகளுக்கு ஈரம் வேண்டும். மரத்தில் ஈரம் நூற்றுக்கு இருபதுக்குக் கீழே இருந்தால் அவை வளர முடியாது. அதனால்தான் மரத்தை நன்கு உலர்த்திப் பதப்படுத்திய பிறகே வேலைக்கு எடுக்கிறார்கள். பழைய வீடுகளில் மரத்தூணை நேரே தரையில் ஊன்றாமல் ஒரு கல்லின்மேல் நிறுத்தியிருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? மண்ணின் ஈரமும் கறையானும் மேலேறாமல் தடுப்பதற்குத்தான் அந்த ஏற்பாடு. எங்கள் வீட்டில் கைமரங்கள் போனதற்குக் காரணம், ஓடு உடைந்து பல ஆண்டுகளாக மழைநீர் கசிந்ததை நாங்கள் கவனிக்காமல் விட்டதுதான். குற்றம் மரத்தினுடையதன்று.

தீயைப் பொறுத்தவரை ஒரு வியப்பான செய்தி உண்டு. மெல்லிய பலகையும் கீற்றும் உடனே பற்றி எரியும்; அதில் ஐயமில்லை. ஆனால் பருமனான உத்தரம் அப்படி எரிவதில்லை. அதன் மேற்பரப்பு முதலில் கரியாகிறது. அந்தக் கரி வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். ஆகவே அதுவே உள்மரத்துக்குக் கவசமாகிவிடுகிறது. தீ நிமிடத்துக்குச் சுமார் முக்கால் மில்லிமீட்டர் வீதம்தான் உள்ளே நகரும். ஒரு மணி நேரத்துக்கு நாலு நாலரை சென்டிமீட்டர். எவ்வளவு பருமன் வைத்தால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று பொறியாளர் முன்கூட்டியே கணக்கிடலாம். எஃகு எரியாதுதான். ஆனால் 600 டிகிரியை நெருங்கும்போது அதன் வலிமை ஏறத்தாழ பாதியாகக் குறைந்து, வளையத் தொடங்கிவிடும். அதனால் எஃகுச் சட்டங்களுக்கும் தீக்காப்புப் பூச்சு வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு சிறு சோதனை. உங்கள் வகுப்பில் இரும்புச் சட்டமும் மரப்பலகையும் உள்ள பெஞ்சு இருந்தால், காலையில் இரண்டின்மேலும் ஒரே நேரத்தில் கைகளை வையுங்கள். இரும்பு சில்லென்றிருக்கும், மரம் அப்படி இராது. இரண்டின் வெப்பநிலையும் ஒன்றே! இரும்பு கையின் வெப்பத்தை விரைந்து கடத்திக்கொண்டு போகிறது. எஃகு, மரத்தைப்போல் சுமார் 300 மடங்கு வெப்பம் கடத்தும். கான்கிரீட் சுமார் பத்து மடங்கு கடத்தும். பங்குனி, சித்திரை வெயிலில் தெருப்பக்கம் இருக்கும் இரும்புக் கதவின் உட்புறத்தைத் தொட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வானளாவும் மரக்கட்டடங்கள்

வாசற்கதவோடு இந்தக் கதை முடிந்துவிடுவதில்லை. பிளைவுட் பலகையைப் பார்த்திருப்பீர்கள். மெல்லிய ஏடுகளை, நார் ஒன்றுக்கொன்று குறுக்காக அமையும்படி அடுக்கி ஒட்டியது அது. மரம் நாரின் நீளவாட்டில் வலிமை மிக்கது. குறுக்குவாட்டில் வலிமை குறைந்தது. குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினால் இரு திசையிலும் வலிமை கிடைக்கும். இதே முறையில் ஏடுகளுக்குப் பதிலாகத் தடித்த பலகைகளை அடுக்கி ஒட்டிச் சுவரும் தளமும் செய்கிறார்கள். ஒரே திசையில் அடுக்கி ஒட்டி ராட்சதத் தூண்களும் உத்தரங்களும் செய்கிறார்கள். பெரிய பழைய மரங்கள் தேவையில்லை. தோட்டத்தில் வளர்ந்த நடுத்தர மரங்களே போதும்.

நார்வே நாட்டின் புருமுன்டால் என்ற ஊரில் 2019-ல் கட்டி முடித்த மியோஸ்டார்னெட் என்னும் 18 மாடிக் கட்டடம் 85.4 மீட்டர் உயரம். அதன் தூண்களும் உத்தரங்களும் மரம். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 2022-ல் முடிந்த 25 மாடிக் கட்டடம் அதைவிடச் சற்று உயரம். அதன் கீழ்த்தளங்கள் கான்கிரீட், மேல்தளங்கள் மரம்.

நார்வேக் கட்டடத்தில் இயற்பியல் மாணவர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மரம் இலேசானது; அதனால் அடித்தளம் சிறிதாக இருந்தால் போதும். ஆனால் உயரமான இலேசான கட்டடம் காற்றில் கூடுதலாக அசையும். ஆகவே மேல் ஏழு தளங்களுக்கு மட்டும் வேண்டுமென்றே கான்கிரீட் தளம் போட்டு எடையைக் கூட்டினார்கள். மரத்தையே எங்கும் போட்டாக வேண்டும் என்பதில்லை. மரத்தால் முடியும் இடத்தில் மரம், முடியாத இடத்தில் மற்றது என்பதே அறிவுடைமை. நம் ஊர் வீட்டுக்கும் அதுதான் பொருந்தும். அடித்தளத்துக்குக் கல்லும் சிமெண்டும் வேண்டும். கதவு, சன்னல், படி, அலமாரி ஆகியவற்றுக்கு மரம் போதும்.

காலியாக இருந்த ஒரு கட்டம்

திண்ணையில் போட்ட கணக்கை என் தம்பியிடம் காட்டினோம். அவன் வெகுநேரம் பார்த்தான். மறுநாள் வந்த வியாபாரிக்கு ஒரு காப்பி கொடுத்து அனுப்பிவிட்டோம். ஊர் ஆசாரி வந்து நிலையின் அடியில் இற்றுப்போயிருந்த ஒரு சாண் அளவை மட்டும் அறுத்தெடுத்துப் புதுக்கட்டை பொருத்தினார். புது வீட்டின் வாசலில் அதே கதவு மீண்டும் நிற்கிறது.

ஆனால் கணக்கில் ஒரு கட்டம் காலியாகவே இருந்தது. "தாத்தாவின் கதவுக்காக வெட்டிய மரத்துக்குப் பதிலாக யாராவது ஒரு கன்று வைத்தார்களா?" என்று என் தம்பி மகள் கேட்டாள். எங்கள் யாருக்கும் தெரியவில்லை. வைத்திருந்தால் கணக்கு நேர். வைத்திராவிட்டால் எங்கள் குடும்பம் இந்தக் கதவுக்காக மண்ணுக்கு ஒரு மரம் கடன்பட்டிருக்கிறது. ஐப்பசி மழையில் வயல் வரப்பில் நான்கு தேக்கங்கன்றுகள் வைத்தோம். ஒன்று பட்டுப்போயிற்று, மூன்று தளிர்த்திருக்கின்றன.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. உங்கள் வீட்டு மரக்கதவு ஒன்றின் நீளம், அகலம், பருமனை அளந்து கன அளவைக் கண்டுபிடியுங்கள். தேக்காக இருந்தால் ஒரு கன மீட்டருக்கு 640 கிலோ என்று கொள்ளலாம். ஈரத்துக்குப் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். மீதியில் பாதி கார்பன். அதை 44-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் கரியமில வாயு கிடைக்கும். பிறகு வீட்டில் பெரியவர்களிடம் கதவின் வயதைக் கேளுங்கள். மூன்று கேள்விகளையும் கேளுங்கள். பதில் தெரியாத கட்டத்தைக் காலியாக விடுங்கள். ஊகித்து நிரப்ப வேண்டாம். அந்தக் காலிக் கட்டத்தை நிரப்பும் வேலை உங்கள் தலைமுறையுடையது.